லைசென்ஸ் கட்டினவள் பார்த்த கபடி

சுண்டாங்குளம் எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடமே கேட்டுப் பார்த்தாயிற்று. "எங்கேயும் போகலையே, இங்கனதான் கிடக்கு" என்கிறார்கள். அதற்குமேல் எனக்கும் தெரியாது.

அந்த ஊர்ச் சாவடியில் ஒரு பொது டிவி உண்டு. அரசாங்கச் சானல் மட்டும்தான் வரும். வருடா வருடம் ஊரே வரி பிரித்து அரசாங்கத்துக்கு அதன் லைசென்ஸ் பணம் கட்டி வந்தது. வீட்டுக்கு வீடு டிஷ் வந்து சினிமாவும் சீரியலுமாகக் கொட்ட ஆரம்பித்த பிறகு, சாவடிப் பக்கம் ஆள் போவதில்லை. ஒரு வெள்ளாடு மட்டும் நிழலுக்குப் போய்ப் படுத்து விவசாயச் செய்திகள் கேட்டு வந்தது.

இந்த வருடமும் கட்டத்தான் வேண்டுமா என்று தலைவர் பூதத்தான் கூட்டம் போட்டார்.

"பாக்காத டிவிக்குத் துட்டு எதுக்குவே?" என்றார் வெயிலுகந்தான்.

கேள்வி நியாயமானதுதான். பெரிய பெரிய நாடுகளிலும் இதையேதான் கோட்டுப் போட்டுக்கொண்டு கேட்கிறார்கள்.

"நாம பாக்காட்டியும் அது நமக்காக ஓடிக்கிட்டே இருக்குல்லா?" என்றார் ஆவுடையப்பன்.

"ஓடுதுன்னு எவன் கண்டான்?"

கூட்டம் திகைத்துவிட்டது. யாரும் பார்க்காதபோதும் ஓடுகிற டிவி என்றால் உழைப்பாளி. கூலி கொடுத்தே ஆக வேண்டும். ஆள் இல்லாத சமயம் பார்த்துச் சும்மா இருக்கிறது என்றால் பித்தலாட்டம். இதைக் கண்டுபிடித்து வர, பார்க்காமல் பார்த்துவிட்டு வரும்படி ஆவுடையப்பனை அனுப்பினார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சாவடிக்குள் போய், ஆட்டின்மேல் விழுந்து, எழுந்து வந்தார்.

"ஓடுது. சத்தம் கேட்டுச்சு."

"சத்தம் கேட்டா ஆச்சா? என் கொழுந்தன்கூடத் தூக்கத்துல பேசுவான்" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. வழக்கு அப்படியே நின்றது.

அப்போதுதான் இட்லிக்கடை இசக்கியம்மாள் எழுந்தாள். அவள் மகள் மாரிக்கனி ஜில்லாக் கபடி அணியில் ஆடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை பைனல். வெளியூரில் நடக்கிறது.

"அரசாங்கச் சானல்ல மட்டுந்தான் அதைக் காட்டுதான். மத்த சானல்ல எல்லாம் மாமியா மருமவளைக் கொல்லுதா. எம்மவளை எவன் காட்டுவான்? பெத்தவ நான் ஒரு தடவை அவ ஆடிப் பாத்ததில்லை."

"ஒரு ஆளு பாக்கதுக்கு ஊரே கட்டணுமா மைனி?" என்றார் வெயிலுகந்தான்.

தலைவருக்கு முடிவு சொல்லத் தெரியவில்லை. லைசென்ஸ் ஆபீசரையே வரவழைத்துக் கேட்டார். வெயிலில் வந்த எரிச்சலில் அவர் இரண்டே வரியில் முடித்தார்: "பாக்கிறவங்க கட்டுங்க. கட்டாதவங்க பாக்கக் கூடாது."

இசக்கியம்மாள் கம்மலை அடகு வைத்து, முழுப் பணத்தையும் ஒருத்தியே கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே சாவடிக்கு வந்துவிட்டது. மாரிக்கனி எல்லார் வீட்டுப் பிள்ளையும்தானே! ஆனால் சுண்டாங்குளத்தில் சட்டத்தை மீறினான் என்று ஒருவன் பெயர் கிடையாது. இசக்கியம்மாள் மட்டும் டிவியைப் பார்த்து உட்கார்ந்தாள். மற்ற எல்லோரும் டிவிக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார்கள். வெள்ளாட்டையும் பிடித்துத் திருப்பி விட்டார்கள், அதுவும் கட்டவில்லை. அந்த வழியாக வந்த பஸ் டிரைவர், ஒரு ஊரே தன்னைப் பார்த்துக் காத்திருப்பதைக் கண்டு, வண்டியை நிறுத்தி இறங்கி எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

ஆட்டம் ஆரம்பித்தது.

"மைனி, என்ன நடக்கு?"

"போறாளே! போறாளே!"

"யாரு போறா?"

"பிடிச்சிட்டாளுவ!"

"யாரு யாரைப் பிடிச்சா? விவரமாச் சொல்லுங்க!"

"அய்யய்யோ, காலு! காலு!"

"யாரு காலு?" என்று பதறிய வெயிலுகந்தான், எதற்கும் இருக்கட்டும் என்று தன் காலை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு பக்கமும் சம புள்ளி. கடைசி ரெய்டு. மாரிக்கனிதான் போகிறாள் என்று டிவி கத்தியது. அதன்பிறகு இசக்கியம்மாளிடமிருந்து சத்தமே இல்லை.

"என்னாச்சு மைனி?"

"தெரியலையே! பயத்துல கண்ணைப் பொத்திட்டேன்."

தலைவர் பூதத்தான் ரோட்டைப் பார்த்தபடியே எழுந்து நின்றார். "கட்டின ஆளு பாக்கலை. மத்த ஆளு பாக்கக் கூடாது. அப்போ உள்ள நடக்கது யாருக்காகவே நடக்கு?"

"கம்மல் வச்ச துட்டு வீணாப் போவுதே! மைனி, கையை எடுங்க!" என்றார் ஆவுடையப்பன்.

"மாட்டேன்! அவ விழுந்துட்டா என்ன செய்ய?"

"கையைப் பிடிச்சுப் பிரிச்சு விடுங்கவே!" என்று தலைவர் உத்தரவு போட்டார்.

ஆவுடையப்பனும் வெயிலுகந்தானும் பின்பக்கமாகவே நடந்துபோய்த் துழாவினார்கள். ஆவுடையப்பனுக்கு இரண்டு கை அகப்பட்டது. பலங்கொண்ட மட்டும் இழுத்தார்.

"அது என் கைவே! விடும்! நான் கட்டாத ஆளு!" என்று அலறினார் வெயிலுகந்தான்.

டிவிக்குள் ஒரே ஆரவாரம், அதில் வர்ணனை ஒன்றும் காதில் விழவில்லை. பிறகு மணி அடித்தது. பிறகு ஒருவர் அமைதியாகப் பேச ஆரம்பித்தார். இசக்கியம்மாள் மெதுவாகக் கையை எடுத்துப் பார்த்தாள்.

"என்ன மைனி? என்ன?"

"வெங்காயம் விலை ஏறியிருக்கு" என்றாள்.

அங்கேயே மறுபடி கூட்டம். இந்தத் தடவை வெயிலுகந்தானே எழுந்து பேசினார்: "அடுத்த வருசம் எல்லாருமாக் கட்டிப்புடணும்வே. ஒருத்தி கண்ணைப் பொத்தினா இன்னொருத்தன் பாக்கணும்லா?" பொது டிவிக்கு ஆதரவாக இதைவிட நல்ல வாதத்தை நான் எங்கேயும் கேட்டதில்லை. ஏகமனதாக நிறைவேறியது.

ஆனால் யார் ஜெயித்தது? இசக்கியம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் பஸ்ஸிலிருந்து மாரிக்கனி குதித்து இறங்கினாள். கையில் பளபளவென்று ஒரு கப்.

"அம்மா! ஜெயிச்சிட்டோம்!"

இசக்கியம்மாள் ஓடினாள். தலைவர் குறுக்கே கையை நீட்டினார்.

"பொறுங்க மைனி. ஏட்டி மாரிக்கனி, நீ மேட்ச்சை டிவியில பாத்தியா?"

"இல்லை மாமா. நான் ஆடிக்கிட்டுல்லா இருந்தேன்."

"அப்போ நீயும் பாக்கலை."

மாரிக்கனி யோசித்தாள். அவளும் சுண்டாங்குளத்துப் பிள்ளைதான்.

"ஆமா மாமா" என்றாள், முகம் வாடி.

"வெசனப்படாத மக்ளே" என்று இசக்கியம்மாள் மகளை அணைத்துக்கொண்டாள். "நாளைக்கு அதே மேட்ச்சைத் திரும்பப் போடுதானாம். உன் பேருலயும் கட்டிருதேன். நீயும் வந்து உக்காரு. ஜெயிச்சியா தோத்தியான்னு தெரிஞ்சு போவும்."

மாரிக்கனி கப்பைத் துப்பட்டாவால் நன்றாகத் துடைத்து, தலைவர் கையில் கொடுத்தாள்.

"அதுவரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும் மாமா. நாளைக்கு நான் தோத்துட்டேன்னா, எதிர்த்து ஆடின பிள்ளைகளுக்குக் குடுத்தனுப்பணும்லா."