நாற்பத்தொன்றாவது பதில்

ஒரு புதிர் போடுகிறேன். ரத்தப் பரிசோதனைக்கு ஒருவர் வந்து உட்கார்கிறார். சீட்டில் சங்கரபாண்டி என்று இருக்கிறது. "நீங்கதானே சங்கரபாண்டி?" என்று அவரிடம் கேட்கக் கூடாது. "உங்க பேர் என்ன?" என்றுதான் கேட்க வேண்டும். ஏன்?

யோசித்துக்கொண்டே வாருங்கள்.

இசக்கியம்மாளுக்கு விடை தெரியும். பதினொரு வருடம் ஆய்வகத்தில் ரத்தம் எடுத்தவள். இப்போது வேலை இல்லை. நாளை மறுநாள் ஒரு நேர்காணல். ஊரில் அவள் இன்னும் படியேறாத ஆய்வகம் அது ஒன்றுதான்.

தட்டச்சுப் பள்ளியின் மாடியில் ரெபேக்கா என்பவர் நேர்காணலுக்குப் பயிற்சி தந்தார். இசக்கியைவிட நான்கு வயது இளையவர். இசக்கி அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள்.

"நாற்பது கேள்விக்குப் பதில் ரெடி, டீச்சர். நாற்பத்தொண்ணாவது மட்டும் தொண்டையில நிக்குது."

அவள் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கே பாதி மனப்பாடமாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஏதோ திட்டியதற்கு, "என் பலவீனம், வேலை முடியும்வரை ஓய மாட்டேன்" என்றதாம் அந்தப் பிள்ளை.

டீச்சர் சிரித்தார். அந்த ஒன்று எது என்று கேட்டார்.

"பழைய வேலையை ஏன் விட்டீங்க?"

அதற்கும் பதில் எழுதித்தான் வைத்திருந்தாள். வாசித்துக் காட்டினாள்.

"குடும்பச் சூழல் காரணமாக விலகினேன். கிடைத்த நேரத்தில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டேன்."

"நல்லாதானே இருக்கு?"

இசக்கி நோட்டை மூடினாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

போன ஆடி மாதம். சர்க்கரைப் பரிசோதனைக்கு, சாப்பிட்டு வந்து இரண்டாம் முறை ரத்தம் கொடுக்க முப்பது பேர் காத்திருந்தார்கள். அவசரத்தில், "நீங்கதானே சங்கரபாண்டி?" என்று கேட்டுவிட்டாள். காது மந்தமான ஒரு பெரியவர் தலையாட்டினார். அவர் ரத்தம் சங்கரபாண்டி பேரில் போனது. காத்திருந்து களைத்தவர் எதற்கும் தலையாட்டுவார். புதிருக்கு விடை அதுதான்.

சங்கரபாண்டி இரண்டாவது ஊசிக்குப் பயந்து வீட்டுக்குப் போயிருந்தார். மகனிடம் அதைச் சொல்லவில்லை. மகன் அறிக்கையை வாங்கிப்போய் டாக்டரிடம் காட்டினான். அதில் சர்க்கரை அதிகமாக இருந்ததால் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். சங்கரபாண்டி பேருந்து நிறுத்தத்தில் மயங்கி விழுந்தார். பிழைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அந்தப் பெரியவர் வந்து, தன் அறிக்கை எங்கே என்று கேட்டார். இன்னொரு முறை ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இசக்கி முதலாளியிடம் போய்ச் சொன்னாள். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

டீச்சர் எழுந்து, இசக்கியைத் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். இசக்கியின் நாற்காலியில் தான் உட்கார்ந்தார்.

"நான்தான் இசக்கி. கேளுங்க."

இசக்கி கேட்டாள்.

டீச்சர் அந்தப் பதிலை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். கண்ணைப் பார்த்து, கைகளை மடியில் வைத்து, அழகாகச் சொன்னார்.

"இப்ப சொல்லுங்க. உங்க அப்பா ரத்தம் கொடுக்க வந்தா, இவகிட்ட கையை நீட்டச் சொல்வீங்களா?"

இசக்கி நோட்டைத் திறந்து அந்தப் பதிலைப் பார்த்தாள்.

"உண்மையைச் சொன்னா இந்த வேலையும் போயிரும், டீச்சர்."

"போகலாம்."

"அப்ப எந்தப் பதிலைப் படிச்சிட்டுப் போகட்டும்?"

"அங்க உக்காரப் போறது நீங்க, இசக்கி," என்றார் டீச்சர். நேர்காணலுக்குக் காத்திருக்கும்போது பசிக்கும் என்று ஒரு பொட்டலம் கடலை மிட்டாயைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

நேர்காணலில் மூன்று பேர் இருந்தார்கள். இசக்கி படித்த நாற்பதில் பதினேழு கேள்விகள் வந்தன. பதினேழுக்கும் நன்றாகவே சொன்னாள்.

அந்த ஒரு கேள்வி வரவில்லை.

நடுவில் இருந்த பெண் டாக்டர் கோப்பை மூடினார். ஒன்றாம் தேதி வேலைக்குச் சேர முடியுமா என்று கேட்டார்.

இசக்கி, ஆடி மாதம் நடந்ததைச் சொன்னாள்.