பனங்குடிச் சடையன் பிடித்த பந்து

மழைகூட ராசாவின் முகம் பார்த்துப் பெய்த காலம் அது. அந்தக் காலத்தில் வெண்ணிநாட்டை அதிரமாறன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். காலையில் மாலை போட்டவனை மாலையில் சிறையில் போடுவான். அப்படியொரு குணம்!

ஒரு கோடையில் ஏரித் தண்ணீர் வற்றி, ஓர் ஊருக்குத்தான் காணும் என்றாகிவிட்டது. பனங்குடிக்கா, வாளைக்குளத்துக்கா?

"பந்தாடுங்கள்! ஜெயித்த ஊருக்கு மதகைத் திறக்கிறேன்" என்றான் ராசா.

பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். எதிரியின் கோட்டுக்கு அப்பால் முதலில் பிடிக்கிறவன் ஊருக்கு வெற்றி. பனங்குடி மொத்தமும் பனையேறும் சடையனைத்தான் நம்பியிருந்தது. கைப்பிடியால் பிழைக்கிறவன் அல்லவா!

பொழுது சாயும் நேரம், ஓங்கி உதைத்த பந்து வானத்துக்குப் போயிற்று. சடையன் கோட்டைத் தாண்டி ஓடினான், எம்பினான், இரண்டு கையாலும் பிடித்தேவிட்டான்! நெஞ்சோடு அணைத்து இரண்டு எட்டு வைத்தான். மூன்றாவது எட்டில் கால் இடறிக் குப்புற விழ, பந்து மண்ணில் உருண்டது.

"பிடிச்சாச்சு! பிடிச்சாச்சு!" என்று பனங்குடி குதித்தது.

"பிடியாவது பிண்ணாக்காவது!" என்று எழுந்தார் சபையின் பெரிய மனிதர் மாணிக்க ராயர். அவருடைய வயலெல்லாம் வாளைக்குளத்தில். "மகாராசா, வாங்கினது மண்ணைத் தொட்டால் வாங்கினதே இல்லை. விழுந்தும் விடாமல் இருந்தால்தான் அது பிடி!"

"பலே! அதுவே தீர்ப்பு" என்றான் ராசா.

சடையன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். ஊரில் நாற்று கருகிக்கொண்டிருக்கிறது. எதிர்த்துப் பேசினாலோ தலை தங்காது. ஒரு கணம் ராயரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு கைகட்டி முன்னே வந்தான்.

"தீர்ப்பை ஏத்துக்கிறேன், மகாராசா. ஆனா இம்புட்டு நுட்பமா நியாயம் சொன்னவருக்கு வெறும் 'பலே'தானா? கேட்கிறவன் நம்ம ராசாவையில்ல கஞ்சன்னு சொல்லுவான்?"

ராசாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினான். ராயர் இரு கையேந்தி வாங்கினார். பல்லெல்லாம் தெரிய, சபை வழக்கப்படி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். கும்பிட்ட கையிலிருந்து மாலை புழுதியில் சரிந்தது.

"மண்ணைத் தொட்டுடுச்சு!" சடையன் ஒரே பாய்ச்சலில் மாலையை எடுத்து ராசாவிடம் நீட்டினான். "ராயர் இன்னும் வாங்கவே இல்லை, மகாராசா!"

"அடப்பாவி! வாங்கின பிறகுதானேடா விழுந்தேன்!" தரையில் கிடந்தபடியே கத்தினார் ராயர்.

"நானும் அப்படித்தான் சாமி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான், ராயரே! சடையன் பிடித்தது பிடித்ததுதான். பனங்குடிக்குத் தண்ணீர். மதகை நீரே போய் உம் கையால் திறந்துவிட்டு வாரும்!"

புழுதியைத் தட்டக்கூட நிற்காமல் ராயர் நடையைக் கட்டினார். ராசா முத்துமாலையைச் சடையன் கழுத்தில் போட்டான். சடையனுக்குக் கண் கலங்கிவிட்டது. காலில் விழக் குனிந்தான். ராசா பதறிப்போய் அவன் தோளைப் பிடித்தான்.

"டேய், டேய், விழுந்துடாதே! நின்னுக்கிட்டே கும்பிடுடா. இன்னொரு வழக்கை என்னால தாங்க முடியாது!"