மஞ்சக்காலி மேடு

காட்டை ஒட்டிய ஓர் ஏரியில் ஆட்காட்டிக் குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. கோடையில் தண்ணீர் வற்றியதும் ஏரியின் நடுவே ஒரு சரளை மேடு தலைகாட்டும். அந்த மேட்டில் கல்லோடு கல்லாகத் தெரியும்படி முட்டையிடுவது அவற்றின் வழக்கம். கூடு கட்டும் வேலையெல்லாம் கிடையாது.

ஆபத்து வந்தால் கத்தி ஊரைக் கூட்டுவதும் அவற்றின் பொறுப்புதான். நரி வந்தால் கத்தும், பாம்பு வந்தால் கத்தும், பருந்து வட்டமிட்டால் கத்தும். அந்தச் சத்தத்தை நம்பித்தான் முயலும் மானும் உயிர் பிழைத்துக் கிடந்தன. இதில் ஆட்காட்டிகளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. ஆனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். கண்ணும் வாயும் உள்ளதைப் பார்த்துத்தான் கத்த வேண்டும்.

மஞ்சக்காலி போன கோடையில் பிறந்தவள். கூடப் பிறக்க வேண்டியவர்களில் சிலர் வெயிலில் ஓட்டுக்குள்ளேயே வெந்துபோனார்கள். மிச்சமிருந்தவர்களை, மழைக்காலத்துக்கு வெகுநாள் முன்பே வந்த திடீர் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதற்குள் ஓட்டை உடைத்து ஓடப் பழகியிருந்ததால் இவள் மட்டும் கரையேறினாள். அன்றிலிருந்து இவள் கண் தரையில் நிற்காது, வானத்திலேயே இருக்கும். புழு பூச்சி தேடித் திரிய வேண்டிய வயதில் மேகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தது அந்தப் பெண்.

அடுத்த கோடை வந்தது. முட்டையிடும் காலம் நெருங்கியது. வரப்போகும் தம்பி தங்கைகளாவது பிழைக்க வேண்டுமே! அவள் நேராகக் கூட்டத்தின் தலைவரிடம் போனாள். குரல் பெரிது என்பதால் அவருக்குப் பெருங்குரலார் என்று பெயர். பதவியும் அந்தக் குரலால் வந்ததுதான். இந்த வருஷம் எல்லாரும் ஏரிக்கரை மேல் முட்டையிடலாம், அங்கே மரநிழலும் உண்டு, வெள்ளமும் ஏறாது என்று அவள் கெஞ்சினாள்.

பெருங்குரலார் மறுக்கவில்லை. இளசுகள் பேச வேண்டும், பெரியவர்கள் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கூட்டத்தையே கூட்டிவிட்டார். மஞ்சக்காலியை ஒரு பாறை மேல் ஏற்றிப் பேசச் சொன்னார்கள். அவள் போன வருஷத்துக் கதையை ஒன்று விடாமல் சொன்னாள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அழகாப் பேசினே கண்ணு," என்றார் பெருங்குரலார். "ஆனா கரை மேல நரி நடமாடுதே?"

"நரியை நாம எல்லாரும் சேர்ந்து கொத்தி விரட்டலாம் பெரியப்பா. வெள்ளத்தை எங்கே கொத்துறது?"

"மழைக்காலத்துக்கு முன்னாடி இந்த ஏரிக்குத் தண்ணி வராது."

"போன வருஷம் வந்துச்சே?"

"அது ஏதோ ஒரு தடவை."

"அதுக்கு முந்தின வருஷமும் வந்துச்சுன்னு அம்மா சொன்னாங்களே?"

"அதுவும் ஏதோ ஒரு தடவைதான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். இந்தச் சின்ன வயதில் என்ன அக்கறை, என்ன தைரியம் என்று அவளை வாயாரப் புகழ்ந்தார்கள். இவளைப் போன்ற பிள்ளைகள் இருக்கும்வரை ஏரிக்குக் கவலையில்லை என்றார்கள். அப்புறம் எல்லாரும் எழுந்து, சரளை மேட்டுக்குப் போய் முட்டையிட்டார்கள். மஞ்சக்காலியின் அம்மாவும்தான். ஊரோடு ஒத்துப்போகாமல் தனியாகக் கரையில் உட்கார அவளுக்குத் துணிவு வரவில்லை.

வெயில் நெருப்பாய்க் கொளுத்தியது. அம்மா தூரத்துக் குட்டைக்குப் பறந்துபோய், வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைகளின் மேல் உட்காருவாள். உட்கார்ந்த வேகத்தில் ஈரம் காய்ந்துவிடும். மறுபடி பறப்பாள். இளைத்துத் துரும்பாகிவிட்டாள். பக்கத்து முட்டைகளில் பாதிக்கு மேல் வெந்தே போயின. அம்மாவின் முட்டைகளுக்குள் மட்டும் மெல்லிய கீச்சொலி கேட்கத் தொடங்கியிருந்தது. மஞ்சக்காலி காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அன்று பிற்பகலே மலைப்பக்கம் கறுத்தது. பொழுது சாய்வதற்குள் மலையே தெரியவில்லை. மஞ்சக்காலி தொண்டை கிழியக் கத்தினாள்.

ஏரியே பதறி எழுந்தது. எல்லாரும் நரியைத் தேடினார்கள். நரி இல்லை. பாம்பைத் தேடினார்கள். பாம்பும் இல்லை. மேகத்தைப் பார்த்தா கத்தினாய் என்று பெருங்குரலார் சீறினார். பாறை மேல் ஏற்றிப் பேசவிட்டது தப்பு, புகழ்ச்சி தலைக்கேறிவிட்டது என்றார். இனி அவள் வாயைத் திறக்கக் கூடாது என்றும் கட்டளை போட்டார். எல்லாரும் திரும்பிப் போய் முட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள்.

மஞ்சக்காலி அம்மாவிடம் ஓடினாள். மலையிலிருந்து வரும் ஓடை வழியாகத் தண்ணீர் சத்தமில்லாமல் மேட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது. அம்மாவின் வயிற்றில் ஈரம் பட்டது. அவள் நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

"நல்லதாப் போச்சுடி. இனி நனைக்கக் குட்டைக்குப் போக வேண்டாம்."

"அம்மா, எந்திரிம்மா! தண்ணி ஏறுது!"

அம்மா கீழே பார்த்தாள். முட்டைகள் மிதந்துகொண்டிருந்தன. அவள் அலகால் ஒன்றை இழுத்தாள். அது வழுக்கிக்கொண்டு போயிற்று. உள்ளே இன்னும் கீச்சொலி கேட்டது. இப்போது அம்மா கத்தினாள். பெருங்குரலாரும் கத்தினார். கூட்டம் மொத்தமும் கத்தியது. அந்தச் சத்தத்துக்கு நரி ஓடும், பாம்பு ஒதுங்கும். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

இருட்டும் முன் எல்லாரும் கரையில் ஒண்டியிருந்தார்கள். இதை யார் எதிர்பார்த்தார்கள் என்று பெருங்குரலார் விம்மினார். ஒருவரும் மஞ்சக்காலியின் முகத்தைப் பார்க்கவில்லை. கரையோரமாக வந்த நரி, மேடு மூழ்கிப்போன ஏரியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

"நானா இருந்தா ஒண்ணு ரெண்டாவது மிச்சம் வச்சிருப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

மஞ்சக்காலி அழவில்லை. எல்லாரையும்விட முன்பே அவள் அழுது முடித்திருந்தாள்.

மறு கோடையில் தண்ணீர் வற்றியது. சரளை மேடு தலைகாட்டியது. பெருங்குரலார் கூட்டத்தைக் கூட்டி, அன்று எச்சரித்த பிள்ளையின் நினைவாக அந்த இடத்துக்கு இனி மஞ்சக்காலி மேடு என்று பெயர் வைப்பதாக அறிவித்தார். எல்லாரும் சிறகடித்து ஆரவாரம் செய்தார்கள். பிறகு அதே மேட்டில் இடம் பிடித்து முட்டையிட்டு உட்கார்ந்தார்கள்.

அம்மா மஞ்சக்காலியின் பக்கத்தில் வந்து நின்றாள். "உனக்கும் வயசாச்சுடி. நீ எப்போ முட்டை வைக்கப்போறே?"

"எங்கேம்மா?"

அம்மா மேட்டைப் பார்த்தாள். கரையைப் பார்த்தாள். கொதிக்கும் வானத்தையும் பார்த்தாள். வயிற்றை நனைத்துவரக் குட்டைக்குப் பறந்து போனாள்.

எச்சரிக்கும் பிள்ளையை வாயாரப் புகழ்ந்துவிட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பவர்கள், அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தைத் தாங்களே மூழ்கடிக்கிறார்கள்.