முரசு அடிக்கும்வரை பகல்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், ஓர் அரசருக்குப் புத்தரிசிச் சோற்றின் மேல் பிடிவாதம் வந்தது. பசியால் வந்த பிடிவாதம் அல்ல. பக்கத்து நாட்டு அரசர் ஒவ்வோர் ஆண்டும் இவருக்கு முன்னால் புத்தரிசிப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, ருசி பிரமாதம் என்று ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார். அது இவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள் அரண்மனைப் பண்ணை முழுவதும் அறுவடையாக வேண்டும்," என்றார் சபையில்.

"ஆகிவிடும், அரசே. ஒரு மரக்கால் நெல்கூட அதிகக் கூலி கொடுக்காமல் முடித்துக் காட்டுகிறேன்," என்றார் பண்ணை அமைச்சர் சேந்தனார். சொல்லிவிட்டு, விகடகவி வெண்காடனை ஓரக்கண்ணால் பார்த்தார்.

அவருடைய பொறாமைக்குக் காரணம் இருந்தது. வெண்காடன் தும்மினால்கூட அரசர் சிரிப்பார். சேந்தனார் ஒருமுறை தனியே கண்ணாடி முன் நின்று ஒரு வேடிக்கையைப் பழகிக்கொண்டு வந்து சபையில் சொன்னார். முடிந்ததும் அரசர், "பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றுவரை சேந்தனாருக்குத் தூக்கத்தில் கேட்கிறது.

அந்த நாட்டில் அறுப்பு ஆட்களுக்கு நெல்தான் கூலி. பொழுது சாயும்வரை ஒரு நாள் வேலை. சாய்ந்த பிறகும் வேலை வாங்கினால் இன்னொரு நாள் கூலி சேர்த்து அளக்க வேண்டும் என்பது சட்டம். இளம் வயதில், மனம் இளகியிருந்த ஒரு நாளில், அந்த அரசரே போட்டது. பொழுது சாய்ந்ததை அரண்மனைக்குச் சங்கு ஊதிச் சொல்வார்கள். வயலுக்கு முரசு அடித்துச் சொல்வார்கள். சங்கு அரண்மனைக் கோபுரத்தில் இருந்தது. முரசு சேந்தனாரின் பொறுப்பில் இருந்தது.

புதன்கிழமை சங்கு ஊதி வெகு நேரத்துக்குப் பின் வெண்காடன் பண்ணைப் பக்கம் போனான். வரப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. வயலுக்குள்ளிருந்து அரிவாள் சத்தம் மட்டும் வந்தது.

"யாரது? பார்த்து வாங்க சாமி, கட்டு மேல மிதிச்சிடாதீங்க," என்றாள் ஒருத்தி. செம்பாயி என்று பெயர். கைக்குழந்தைக்காரி. நெல் தாளைக் கையால் தடவிப் பிடித்து அறுத்துக்கொண்டிருந்தாள். விரலில் துணி சுற்றியிருந்தது.

"இன்னுமா வேலை? பொழுது சாய்ந்துவிட்டதே."

"சூரியனுக்குச் சாஞ்சிருச்சு. முரசுக்கு இன்னும் சாயல."

பக்கத்தில் குனிந்திருந்தவள் சிரித்தாள். "அமைச்சரு கையைத் தூக்கினாத்தான் எங்களுக்குச் சாயந்தரம், சாமி."

"அப்படியானால் இரட்டைக் கூலி?"

"பகல்ல வேல செஞ்சா யாரு ரெட்டக் கூலி தருவா?" என்றாள் செம்பாயி. பிறகு தனக்கே சொல்வதுபோல, "கூலி கெடக்கட்டும். பால் கட்டிக்கிட்டு மாரு வலிக்குது. வீட்டுல புள்ள அழுது அழுது அப்படியே தூங்கிப் போயிரும். எழுப்பினாலும் குடிக்க மாட்டேங்குது. நாளுக்கு நாள் எளச்சுக்கிட்டே போவுது," என்றாள்.

திரும்பி நடக்கும்போது வெண்காடனுக்கு ஒன்று தோன்றியது: தன் வேடிக்கைகள் எல்லாமே விளக்கு வெளிச்சத்தில், வயிறு நிறைந்தவர்களுக்கு நடுவில் பிறந்தவை. இருட்டில் குனிந்திருப்பவளுக்குச் சொல்லத் தன்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. அந்த எண்ணம் அவனோடு வீடுவரை வந்தது.

மறுநாள் காலை சபையில் சொன்னான். "அரசே, தங்கள் வயலில் இரவில் அறுக்கிறார்கள். கூலி மட்டும் பகலுக்கு அளக்கிறார்கள்."

"முரசு அடிப்பதற்கு முன் எல்லாம் பகல்தான். சட்டம் அப்படித்தான் சொல்கிறது," என்றார் சேந்தனார்.

அரசருக்குப் பொங்கல் நினைவு. "அவர் சொல்வது சரிதானே, வெண்காடா? சட்டத்தை மீறாமல், முரசு அடிக்கும் முன்பே இருட்டிவிட்டது என்று என் வாயாலேயே சொல்ல வைக்க உன்னால் முடியுமா? முடிந்தால் கேட்டதைத் தருகிறேன். முடியாவிட்டால் இனி நீ சபைக்கு வர வேண்டாம். அரிவாளோடு வயலுக்குப் போ."

சேந்தனாரின் மீசை மெல்லத் துடித்தது.

வெண்காடன் குனிந்து வணங்கினான். "உத்தரவு, அரசே. ஒரே ஒரு விண்ணப்பம். ஒரு நாட்டில் இரண்டு சூரியன் இருக்க முடியுமா?"

"என் நாட்டில் ஒரே சூரியன்தான்."

"அப்படியென்றால் இரண்டு சாயங்காலம் எதற்கு? இன்று சங்குக்கு ஓய்வு கொடுங்கள். வயல் முரசே அரண்மனைக்கும் பொழுதைச் சொல்லட்டும்."

"இது என்ன பெரிய காரியம்? அப்படியே ஆகட்டும்," என்றார் அரசர்.

சேந்தனாருக்கு மறுக்க வழியில்லை. வேண்டாம் என்றால் இரண்டு சாயங்காலம் உண்டு என்று ஒப்புக்கொண்டதாகும். முரசை நேரத்தோடு அடிக்கச் சொல்லலாம். ஆனால் பாதி வயல் பாக்கி, விடிந்தால் வெள்ளி. அரசர் கொஞ்சம் காத்திருப்பார் என்று கணக்குப் போட்டார். வயலுக்குப் போய் முரசுக்காரனிடம், "கடைசிக் கட்டு களத்துக்கு வராமல் அடிக்காதே. யார் வந்து சொன்னாலும் சரி," என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அரண்மனைக்குத் திரும்பினார்.

பொழுது சாய்ந்தது. முரசு அடிக்கவில்லை.

சபை மண்டபம் மங்கியது. பிறகு கறுத்தது. "விளக்கு எங்கே?" என்றார் அரசர்.

"முரசு அடிக்காமல் விளக்கு வைக்கும் நேரம் வராது, அரசே," என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

"சாப்பாடு?"

"விளக்கு வைத்த பிறகுதான் இரவுச் சமையலுக்கு அடுப்பு மூட்டுவது, அரசே. பகல் சோறு தீர்ந்துவிட்டது."

அரசர் எழுந்து அந்தப்புரத்துக்கு நடந்தார். தூணில் முட்டிக்கொண்டார். கதவுக்கு அப்பால் அரசியின் குரல் கேட்டது: "பட்டப்பகலில் இங்கே வருகிற வழக்கம் ஏது? போய் ராஜ்ஜியத்தைப் பாருங்கள்."

தடவித் தடவித் திரும்பி வந்தவர் யாருடைய காலையோ மிதித்தார். "ஐயோ," என்றது சேந்தனாரின் குரல்.

"அமைச்சரே, இது பகலா இரவா?"

இரவு என்றால் ஊருக்கே இரட்டைக் கூலி அளக்க வேண்டும். "பகல்தான், அரசே," என்றார் சேந்தனார். "சற்று மங்கலான பகல்."

"எனக்கு வெயிலில் கண் கூசுகிறது," என்றான் வெண்காடன். "யாராவது குடை பிடித்தால் நன்றாக இருக்கும்."

முரசு என்ன ஆயிற்று என்று பார்க்க வயலுக்கு ஓர் ஆளை ஓடச் சொன்னார் அரசர். பகலில் தீவட்டி கொடுப்பதில்லை என்று வாயிற்காவலன் மறுத்துவிட்டான். போனவன் வாய்க்காலில் விழுந்து சொட்டச் சொட்டத் திரும்பி வந்தான்.

அரசர் தரையிலேயே உட்கார்ந்தார். அவர் வயிறு முனகியது எல்லோருக்கும் கேட்டது. எங்கோ ஒருவன் கையில் முரசுக் கோலை வைத்துக்கொண்டு நிற்கிறான். அவன் அதை ஓங்கும்வரை தன்னால் சோற்றையோ படுக்கையையோ தொட முடியாது. முதலில் அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தை யார் மேல் காட்டுவது என்று இருட்டில் தேடியபோது, போய் நின்ற இடம் காலையில் தாம் கொடுத்த சம்மதமே.

"வெண்காடா, இப்போது வயலில் யாராவது இருக்கிறார்களா?"

"பகல் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், அரசே."

"அவர்களுக்குக் கண் தெரியுமா?"

"கையால் தடவிப் பார்த்து அறுக்கிறார்கள். சில நேரம் தாள் அகப்படும், சில நேரம் விரல். பால் குடிக்கிற பிள்ளைகள் வீட்டில் பசியோடு தூங்கிவிடும். நம்மைப்போலத்தான். நமக்கு அரிவாள் மட்டும் இல்லை."

"போதும்," என்றார் அரசர். "இருட்டிவிட்டதப்பா. நன்றாகவே இருட்டிவிட்டது. விளக்கை வையுங்கள். தீவட்டியோடு போய் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புங்கள்."

விளக்கு வந்தது. மிதிபடாமல் இருக்கச் சேந்தனார் சிம்மாசனத்தின் மேல் ஏறி, கால் இரண்டையும் மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரசர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரிக்கத் தொடங்கியவர், நெற்றியில் புடைத்திருந்த வீக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சேந்தனார் வாழ்நாளில் முதல்முறையாக அரசரைச் சிரிக்க வைத்துவிட்டார். அதற்காகச் சந்தோஷப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

"இறங்குங்கள், அமைச்சரே. இந்த அறுப்பில் மங்கலாக இருந்த பகல் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு நாள் கூலி உங்கள் சொந்த நெற்குதிரிலிருந்து அளந்துவிடுங்கள். பொங்கல் வெள்ளிக்கிழமை வேண்டாம். நெல் எப்போது வருகிறதோ அப்போது போதும்." தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து வெண்காடனுக்குப் போர்த்தினார். "நீ என்ன கேட்கிறாய்?"

"முரசை, அரசே."

"நீ அடிக்கப்போகிறாயா?"

"நான் சோம்பேறி. உச்சி வேளையிலேயே அடித்துவிடுவேன். அறுக்கிறவர்களில் ஒருத்தி அடிக்கட்டும்."

அரசர் மறுபடி சிரித்துவிட்டு, சரி என்றார்.

வெள்ளிக்கிழமை மேற்கே வானம் சிவந்ததும், செம்பாயி அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பேறி முரசை அடித்தாள். ஊருக்கே கேட்கும்படி அடித்தாள். யாரும் உடனே நகரவில்லை. நிமிர்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னடி நிக்கிறீங்க? வெளிச்சம் உங்களத் தின்னுருமா?" என்றாள் செம்பாயி. கோலை வீசிவிட்டு, ஒரு கையால் மாரை அமுக்கிப் பிடித்தபடி ஊரைப் பார்த்து ஓடத் தொடங்கினாள். பிள்ளை இன்னும் விழித்திருக்கும்.