ஒரே ஏரி, இரண்டு மனுக்கள்

கழுநீர் ஏரியில் வாழ்ந்த நீர்நாய்களுக்கு ஓடைச்சி தலைவி. அதன் கிழக்குக் கரையில் மேய்ந்த மான்களுக்கு மருதி தலைவி. இருவரும் ஒரே ஏரித் தண்ணீரைக் குடித்தவர்கள்தான். ஆனால் ஒருத்தி படும் பாடு மற்றவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர்கள் முயன்றதும் இல்லை.

ஏரியில் ஆகாயத் தாமரை மண்டிக் கிடந்தது. அடியில் வண்டல் ஏறி, ஆழமான மடுக்கள்கூடத் தூர்ந்துபோயின. வெயில் ஏறினால் மீன்கள் மூச்சு முட்டிச் செத்து மிதந்தன. நீர்நாய்க் குட்டிகள் அரை வயிற்றோடு படுத்தன.

மான்களுக்கு வேறு கவலை. மழைக்காலத்தில் கிழக்குக் கரை முழுகிவிடும். மேட்டு நிலத்துக்குப் போக வேண்டுமானால் நடுவில் ஒரு சதுப்பைத் தாண்ட வேண்டும். சுற்றுவழி ஒன்று உண்டு. அது சிறுத்தைகள் திரியும் காட்டுக்குள் போகிறது.

இப்படிப்பட்ட பெரிய வேலைகளுக்கு ஏழு காடுகளையும் ஆண்ட யானையரசியிடம்தான் போக வேண்டும். கோடைதோறும் அவர் ஒரு காட்டுக்குத் தம் யானைக் கூட்டத்தை அனுப்புவார். யானைகளுக்கான தீவனம் பொதுக் களஞ்சியத்திலிருந்து போகும். ஏழு காடுகள் கேட்கும். ஒரு காட்டுக்குத்தான் கிடைக்கும்.

அந்த வருஷம் ஓடைச்சி தனியாகப் போனாள். மனுக்களைக் கேட்கும் அமைச்சர் கரடியாரிடம், ஏரியைத் தூர்வாரித் தரும்படி கேட்டாள். அதே ஏரியிலிருந்து மான்களும் பாதை கேட்டு வரப்போவதாகக் கேள்விப்பட்டேனே என்றார் கரடியார்.

ஓடைச்சி சற்று யோசித்தாள். "மான்களுக்கு நாலு கால் இருக்கிறது. சுற்றிப் போனால் என்ன?" என்றாள்.

இரண்டு நாள் கழித்து மருதி வந்தாள். ஏரித் தண்ணீரைப் பற்றிக் கரடியார் கேட்டபோது, மீன்கள் எல்லாக் கோடையிலும்தான் சாகின்றன, மழை வந்தால் ஏரி தானே சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கரடியார் இரண்டையும் அப்படியே யானையரசியிடம் சொன்னார். "அந்த ஏரிக்காரர்களே அங்கே வேலை தேவையில்லை என்கிறார்களே" என்றார் அரசி. யானைகள் வேறொரு காட்டுக்குப் போயின.

மழை வந்தது. கிழக்குக் கரை முழுகத் தொடங்கியதும் மான்கள் சதுப்பில் இறங்கின. மருதியின் குட்டி அவள் பின்னாலேயே வந்தது. பிறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பாதித் தூரத்தில் அதன் கால் சறுக்கியது. வெள்ளம் அதை இழுத்து ஏரிக்குள் தள்ளியது.

ஓடைச்சி அதைப் பார்த்துவிட்டாள். ஒரு கணமும் நிற்காமல் பாய்ந்தாள். அவளைப் போல நீந்துகிறவர்கள் அந்த ஏரியில் யாரும் இல்லை. ஆனால் ஆகாயத் தாமரையின் வேர்கள் அவள் கால்களைச் சுற்றிக்கொண்டன. கடித்து அறுத்தாள். மறுபடியும் சுற்றின. கத்திக்கொண்டிருந்த குட்டி, அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது கத்துவதை நிறுத்தியிருந்தது.

தன் வளைக்காகத் தோண்டிக் குவித்திருந்த வண்டல் மேட்டில் அதைக் கிடத்தினாள். மருதி வந்து நின்றாள். குட்டியின் முகத்தை நக்கிக்கொண்டே இருந்தாள்.

"தண்ணீர் சுத்தமாக இருந்திருந்தால் பிடித்திருப்பேன்" என்றாள் ஓடைச்சி. அவளுக்கு மூச்சு வாங்கியது. "உனக்குப் பாதை வேண்டாம் என்று சொன்னவள் நான்தான், மருதி."

மருதி நிமிரவில்லை. "ஏரி தானே சரியாகிவிடும் என்று நானும் சொன்னேன், அக்கா" என்றாள்.

அன்று முழுவதும் அவள் அந்த மேட்டைவிட்டு நகரவில்லை. சுற்றிலும் எல்லாம் சேறாகக் குழைந்தது. காய்ந்து இறுகிய அந்த வண்டல் மட்டும் அவள் கால்களைத் தாங்கி நின்றது. அதை இருவருமே கவனித்தார்கள்.

மழை ஓய்ந்ததும் இருவரும் சேர்ந்து புறப்பட்டார்கள். நீர்நாய்க்குத் தரையில் நடப்பது சிரமம். மருதி ஒருநாளில் கடக்கும் வழியை அவளுக்காக நாலு நாள் நடந்தாள்.

யானையரசியின் முன்னால் நின்று, போன முறை சொன்ன பொய்களை முதலில் ஒப்புக்கொண்டார்கள். பிறகு குட்டி செத்ததைச் சொன்னார்கள். அரசி கண்களை மூடிக் கேட்டார்.

"ஒரு கோடையில் ஒரு வேலைதான் செய்து தர முடியும். ஏரியா, பாதையா? நீங்களே சொல்லுங்கள்" என்றார்.

"ஒரே வேலைதான், தாயே" என்றாள் மருதி. "ஏரியில் அள்ளுகிற வண்டலை வெயில் காலத்தில் சதுப்பில் கொட்டச் சொல்லுங்கள். காய்ந்தால் எங்கள் பாரத்தைத் தாங்கும். நான் அதன்மேல் நின்று பார்த்திருக்கிறேன்."

எங்கே நின்றாள் என்று அவள் சொல்லவில்லை. அரசியும் கேட்கவில்லை. கரடியாரைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

கோடையில் யானைகள் வந்தன. ஆகாயத் தாமரையை வேரோடு இழுத்துப் போட்டன. வண்டலை அள்ளிச் சதுப்பின் குறுக்கே கொட்டி மிதித்தன. நீர்நாய்கள் மடுக்களைக் காட்டின. மான்கள் தடத்தைக் காட்டின.

அடுத்த மழையில் மான்கள் ஒவ்வொன்றாகப் புதுக் கரைமேல் நடந்து மேட்டுக்குப் போயின. ஒரு குட்டிகூடச் சறுக்கவில்லை. எல்லோருக்கும் கடைசியாக மருதி நடந்தாள். பாதி வழியில் நின்று தண்ணீரைப் பார்த்தாள். கீழே தெளிந்த நீரில் ஓடைச்சியும் நீந்துவதை நிறுத்தினாள். மழை வலுத்தபோது மருதி மேட்டை நோக்கி நடந்தாள்.

அடுத்தவர் தேவையைத் தட்டிக் கழித்துத் தன் தேவையைப் பெறப் பார்ப்பவர், இரண்டையும் இழந்த பிறகுதான் அவை ஒன்றே என்று அறிவார்.