நாலாவது ரீல்

படங்கள் பேசாத காலம். பெரம்பூர்க் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் நின்று, தகரக் குழலை வாயில் வைத்துப் படத்தின் கதையைச் சொல்வது தாவீது வாத்தியாரின் வேலை. அந்த வித்தையைக் கற்க வந்தவன் பொன்னுரங்கம். வேலைநிறுத்தத்தில் மில்லைவிட்டுத் துரத்தப்பட்டவன். நாற்பது வயது. போலீஸ் தடி பட்ட தோள் இன்னும் சரியாகத் தூக்க வராது.

ஒரு சனிக்கிழமை புதிய சீமைப் படம் வந்தது. அதன் நாலாவது ரீலில், ஆலை வாசலில் கூலி கேட்டு நிற்பவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கும்.

ஆட்டத்துக்கு முன் மேனேஜர் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார்.

“மில் துரை குடும்பத்தோட சோபாவில உக்காந்திருக்கார். தரை ஜனங்க கூச்சல் போட்டுடக் கூடாது. அடி வாங்குறவங்க கொள்ளைக்காரங்கன்னு சொல்லிடு வாத்தியாரே. இல்லேன்னா உனக்கும் உன் சிஷ்யனுக்கும் நாளையிலேர்ந்து இங்க வேலை இல்லே.”

வாத்தியார் குழலைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சொல்லப் போறீங்களா?” என்றான் பொன்னுரங்கம். அவனுக்கு ரத்தம் கொதித்தது.

வாத்தியார் குழலை எடுத்துக்கொண்டு திரைப் பக்கம் நடந்தார்.

மூன்று ரீல் வரைக்கும் வாத்தியாரின் குரல் கொட்டகையைக் கட்டிப்போட்டது. நாலாவது ரீல் தொடங்கியதும் குழலைக் கீழே வைத்தார். தரை டிக்கெட்டு ஜனங்களோடு மணலில், பொன்னுரங்கத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. திரையில் தடிகள் உயர்ந்தன.

“பயந்தாங்கொள்ளி!” என்று பல்லைக் கடித்தான் பொன்னுரங்கம். தானே கத்திவிடலாம் என்று எழுந்தான். வாத்தியார் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

“எங்க வூட்டுக்காரரை இப்படித்தானேடா அடிச்சீங்க, பாவிங்களா!”

“கீழே விழுந்தவனை மிதிக்கிறான் பாரு! அன்னிக்கும் மிதிச்சான்!” என்றது இன்னொரு குரல்.

அப்புறம் தனிக்குரல் எதுவும் கேட்கவில்லை. தரை முழுக்க எழுந்து நின்றது. யாரும் திரையைப் பார்க்கவில்லை, சோபாக்களைப் பார்த்தார்கள். துரைக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தொப்பியைக்கூட எடுக்காமல் குடும்பத்தோடு வெளியேறினார்.

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் இருவரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார்.

தெருவில் பொன்னுரங்கம் நின்றான். கோபம் அடங்கவில்லை.

“எப்படியும் வேலை போச்சு. உரக்க நாலு வார்த்தை சொல்லிட்டே போயிருக்கலாமே. எதுக்கு வாயை மூடினீங்க?”

வாத்தியார் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

“முதல் மூணு ரீலும் அவங்களுக்குத் தெரியாத கதை. அதான் சொன்னேன்.”