நகானோ ஐயாவின் சட்டை

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, எங்கள் தெரு பிரகாசி அக்கா எனக்குச் சொன்னது இது. அவருடைய தங்கை மகள் மெட்டில்டாவுக்கு நடந்தது.

"சென்செய், நான் என்ன தப்பு செஞ்சேன்?"

மெட்டில்டா அப்படித்தான் போய் நின்றாளாம். ஜப்பானில் ஆசிரியரைச் சென்செய் என்பார்கள்.

முதியோரைப் பராமரிக்கும் பயிற்சிக்கு அங்கே போனவள் அவள். காலையில் சைக்கிள் மிதித்து முதியோர் இல்லத்துக்குப் போய் வேலை பழக வேண்டும். மத்தியானம் அதே கட்டடத்து மாடியில் வகுப்பு. சாயங்காலம் அறைக்கு வந்து ரைஸ் குக்கரிலேயே சோறும் ரசமும்.

தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த கை. வேகத்துக்குக் கேட்பானேன்.

ஆனாலும் உடை மாற்றும் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டாள். இன்னொரு முறை தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மொரிதா சென்செய் அவளைவிட வயதில் சின்னவள். பேச்சு குறைவு.

மெட்டில்டா தனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் முறையிட்டாள். தேர்வில் அவள் சட்டை மாட்டிவிட வேண்டிய இல்லத்து முதியவர் நகானோ ஐயாவுக்குப் பக்கவாதம். வலது கை விளங்காது. அவரை என் அப்பா மாதிரிதான் பார்க்கிறேன் என்றாள்.

"ஒரு நிமிஷத்துல சட்டையைப் போட்டு, தலையைச் சீவி, உட்கார வச்சிடுறேன். அவர் ஒரு விரலைக்கூட அசைக்க வேண்டாம்."

சென்செய் தன் கோட்டுப் பட்டன்களைக் கழற்றினாள்.

வலது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். இடது கையால் மேல் பட்டனைப் போடத் தொடங்கினாள்.

பட்டன் வழுக்கியது. பிடித்தாள். மறுபடி வழுக்கியது.

மெட்டில்டாவின் கை தானாக நீண்டது.

சென்செய் அப்படியே நின்றுவிட்டாள். நீண்ட கை திரும்பிப் போகும் வரை நின்றாள். பிறகு விட்ட இடத்தில் தொடங்கினாள்.

கை மறுபடி நீண்டது.

சென்செய் மறுபடி நின்றாள்.

மதியச் சாப்பாட்டு நேரமே போய்விட்டது. கடைசிப் பட்டன் மாட்டியதும் சென்செய் தலை குனிந்து வணங்கினாள்.

"நாளைக்குக் காலையில தேர்வு."

அவ்வளவுதான்.

இதைக் கேட்டு அங்கயற்கண்ணி விழுந்து விழுந்து சிரித்தாள். மதுரைக்காரி, அறையில் கூட இருப்பவள். கடல் கடந்து வந்து சட்டை மாட்டப் படிக்கிறோமே என்றாள்.

"ஆனா நீ பட்டன் போடுறதப் பார்த்தா, பஸ்ஸைப் பிடிக்க ஓடுறவ மாதிரிதாண்டி இருக்கு."

விடிந்தது.

மெட்டில்டா சட்டையை நகானோ ஐயாவின் மடியில் வைத்தாள். விளங்காத கையை மட்டும் சட்டைக்குள் நுழைத்துக் கொடுத்தாள். அப்புறம் தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அவர் அவளைப் பார்த்தார்.

அவள் அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவருடைய இடது கை ஒரு பட்டனைத் தேடிப் பிடித்தது.

மெட்டில்டா மனதுக்குள் செபமாலை சொல்லத் தொடங்கினாள். ஒரு பட்டனுக்குப் பத்து அருள்நிறை மரியே செபம் போனது. என்ன செய்ய, செபத்தை வேகமாகச் சொன்னாலும் பட்டன் அதன் நேரத்தில்தான் மாட்டியது.

எல்லாம் முடிந்தபோது காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. நடுவில் ஓர் ஓட்டையைத் தாண்டிப் போட்டிருந்தார்.

இந்தக் கோலத்தில் ஒரு நோயாளியை வெளியே அனுப்பினால் தூத்துக்குடியில் நர்ஸம்மா சும்மா விடுவாரா? போதாததற்கு இது கடைசித் தேர்வு. சென்செய் வேறு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"கோணலா இருக்கு, சென்செய். நான் சரி பண்ணிடட்டுமா?"

"என்னையா கேக்குறீங்க?"

மெட்டில்டா மெல்லத் திரும்பி, சக்கர நாற்காலிக்கு முன்னால் முழந்தாளிட்டாள்.

அவர் முகத்துக்கு நேராகத் தன் முகம் வந்ததும் கேட்டாள்.

"ஐயா, ஒரு பட்டன் மாறிப் போச்சு. நான் மாத்திப் போடட்டுமா?"

நகானோ ஐயா குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். ஒவ்வொரு பட்டனாக இடது கையால் தொட்டுப் பார்த்தார்.

"வேண்டாம். இது நான் போட்டது."

மெட்டில்டா எழுந்தாள். கோணல் சட்டையோடு அவரைச் சாப்பாட்டு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

சென்செய் முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த பாடம் குளிப்பாட்டுறது," என்றாள். "திங்கட்கிழமை வந்துடுங்க."

பிரகாசி அக்கா சொன்னது இவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்கு அங்கே படிப்பு இன்னும் முடியவில்லை. இன்றைக்குச் செபம் சொல்லும்போது, அவளையும் அந்த நகானோ ஐயாவையும் நினைத்து ஓர் அருள்நிறை மரியே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.